கம்பளப் பெட்டியைத் திறந்தவர்

இரண்டு பொத்தான்களைக் கழற்றி மூன்றாவதற்கு வந்தபோது அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. முத்துச்செல்வி உருவினாள். நான்காக மடித்த ஸ்டிக்கர். மண்டையோட்டுப் படம். கன்டெய்னர் பெட்டியின் கதவில் ஒட்டுவது.

வேலை பார்க்கும் கிடங்கில் இங்கிலீஷில் எதைக் கண்டாலும் அப்பா சிவனாண்டி அவளிடம் காட்டக் கொண்டுவருவார். நேற்று சாயங்காலம் கம்பெனி வேனில் வந்து இறங்கும்போதே வாந்தி, கைநடுக்கம். இரண்டு தடவை பையைத் தடவினார். பீடிக்குத்தான் என்று நினைத்து, "பேசாமப் படுத்துக்கிடும்ப்பா" என்றாள். விடியும்போது உயிர் போய்விட்டது.

பிரித்துப் படித்தாள். பூச்சிமருந்துப் புகை விட்டது, புதன் காலை ஆறு. திறப்பது, வியாழன் காலை ஆறுக்குப் பிறகு.

நேற்று புதன்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை பழைய துருக்கிக் கம்பளங்கள். இங்கே கிழிசல் தைத்து லண்டனுக்குப் போகும். "மிதிக்கதுக்கு இல்லளா, சொவத்துல மாட்டதுக்கு" என்று அப்பா சிரித்திருக்கிறார். நூறு வருஷம் மிதிபட்டதைப் பூச்சி அரித்துவிடக் கூடாதாம்.

சூப்பர்வைசர் சுந்தரராஜ் மாலையோடு உள்ளே வந்தான். நேற்று வேனில் அப்பாவைக் கொண்டுவந்து விட்டவனும் அவன்தான்.

"இசக்கியக்கா, குடத்துல நீர்மாலைத் தண்ணி எடுத்து வந்துட்டா குளிப்பாட்டி மத்தியானமே தூக்கிரலாம். கம்பெனி வண்டி நிக்கி."

அப்பாவின் காலருகே இருந்த அம்மா நிமிரவில்லை. முத்துச்செல்வி ஸ்டிக்கரை மடித்து இடுப்பில் செருகினாள். எரித்துவிட்டால் எந்த டாக்டர் எதைப் பார்ப்பான்?

"சட்டையக் கழத்திட்டியாம்மா? குடு, யூனிபார்ம். திருப்பி வைக்கணும்."

"செத்தவரு சட்டைய யாருக்குப் போடப் போறிய?"

"பையில கம்பெனி பேப்பர் எதும் இருந்தா..."

"எந்தப் பேப்பர் அண்ணாச்சி?"

அவன் மாலையைக் கைமாற்றினான்.

அவள் போலீசுக்குப் போன் அடித்தாள். அப்பா பெயர், தெரு, கிடங்கு. "போஸ்ட்மார்ட்டம் பண்ணணும் சார். பாடி வீட்லதான் இருக்கு." குரல் உடைந்தது. அதற்கும் கோபம் வந்தது.

"ஏளா, அவர அறுக்கவா சொல்லுத?" என்றாள் அம்மா இசக்கியம்மாள்.

"ஆமாம்மா. இன்னைக்குத் தொறக்க வேண்டிய பெட்டி. நேத்தே அப்பாவ வெசப்புகைக்குள்ள விட்டிருக்கான்."

"கப்பலுக்கு நேரமாச்சுன்னு..." என்று தொடங்கிய சுந்தரராஜ் நிறுத்திக்கொண்டான். பிறகு அம்மா பக்கம் குனிந்தான். "அக்கா, படிச்ச புள்ள என்னமோ பேசுது. தையல் போட்ட உடம்பையா சுடுகாட்டுக்குக் கொண்டுபோவிய? போலீஸ் வரதுக்குள்ள எடுத்துருவோம்." வாசல் பக்கம் கூவினான். "ஏலே, குடத்த எடுங்க."

தெருவில் குடங்கள் நகர்ந்தன. முத்துச்செல்வி அம்மாவையே பார்த்தாள். அவள் சரி என்று தலையாட்டிவிட்டால் முடிந்தது.

இசக்கியம்மாள் எழுந்தாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்தாள். வாசற்படிக்குப் போய், ஒரு பக்கக் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, குடம் எடுத்தவர்களுக்கு வழியை அடைத்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். எதிர் நிலையில் ஊன்றிய கால்விரல்களில் மெட்டி இன்னும் இருந்தது.