ரப்பர் அக்காவின் தோள்

நீச்சல் கிளப்பில் அக்காவுக்கு ரப்பர் என்று பெயர், தங்கைக்கு மரக்கட்டை. இரண்டு பெயரையும் வைத்த புண்ணியவதி அக்காவேதான். முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்து, கோத்ததைப் பிரிக்காமலே தலைக்கு மேலாக முன்னால் கொண்டுவந்துவிடுவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்கள் வந்து நிற்கும்வரை காத்திருந்துதான் செய்வாள் என்பது வேறு விஷயம். அதே வித்தையைத் தங்கை முயன்றால், கை பாதி வழியிலேயே "போதும் தாயே" என்று நின்றுவிடும்.

தினமும் தண்ணீரில் இறங்குமுன் அக்கா கால் நீட்டித் தரையில் உட்காருவாள். தங்கை பின்னால் நின்று அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். கிளப்பில் எல்லோரும் ஜோடி ஜோடியாகச் செய்கிற பழக்கம் அது. "சாப்பிட்டியா இல்லையா? நல்லா இழுடி!" என்று அதட்டல் வேறு. கொஞ்ச நாளாக, இழுக்கும்போதெல்லாம் வலது தோளில் 'டொக்' என்று ஒரு சத்தம். அக்கா பல்லைக் கடிப்பது பின்னால் நிற்பவளுக்கே தெரிந்தது.

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல, இறுக்கமா இருக்கு. இன்னும் இழு, சரியாயிடும்."

இறுக்கமாம்! எலாஸ்டிக் தொய்ந்த பைஜாமாவை இன்னும் இழுத்துவிட்டால் இடுப்பில் நிற்குமா? தங்கைக்கு நீச்சல் மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் ரிலே அணியில் பட்டர்ஃபிளை நீச்சலுக்கு ஒரே ஓர் இடம், அதற்குப் போட்டி இவர்கள் இருவர் மட்டுமே. வாயைத் திறந்தால் அக்காவைக் கவிழ்த்தாள் என்பார்கள். திறக்காவிட்டால் தோள் போய்விடும். எதைச் செய்தாலும் பழி என்று புழுங்கிக்கொண்டிருந்தாள்.

அணித் தேர்வு நாள் காலை. அக்கா வழக்கம்போல் உட்கார்ந்து கைகளைப் பின்னால் நீட்டினாள். தங்கை பிடித்தாள். இழுக்குமுன்பே வலது தோளில் அதே 'டொக்'. அப்படியே விட்டுவிட்டாள்.

"மாட்டேன்."

"என்னடி மாட்டேன்? நேரமாகுது!"

"மாட்டேன்னா மாட்டேன்."

மாஸ்டர் திரும்பினார். "என்னம்மா தகராறு?"

"மாஸ்டர், அக்காவுக்குத் தோள் வலிக்குது. ரொம்ப நாளா. எனக்கு அந்த இடம் வேணாம், சத்தியமா வேணாம். ஆனா அவ இன்னைக்கு இறங்கக் கூடாது."

"உனக்கு இடம் தர்றேன்னு யாரும்மா சொன்னா? முதல்ல நீந்திக் காட்டு" என்றவர், அக்காவின் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். கை சட்டென்று விழுந்தது. மாஸ்டர் முகம் சுண்டிப்போனது.

"தொளதொளன்னு இருக்கிற தோளை இழுக்கவே கூடாதும்மா. அதைப் பிடிச்சு நிறுத்துற சதைக்குத்தான் பலம் ஏத்தணும். தினம் பாத்துக்கிட்டே நின்னேனே, என் புத்தி எங்க போச்சு? போ, சட்டையைக் கழட்டிட்டு ஐஸ் வை."

அக்கா எழுந்தாள். "இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த? நல்லா இரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எந்த வார்த்தைக்குத் தங்கை இத்தனை நாள் பயந்தாளோ, அதே வார்த்தை.

தங்கை நீந்தினாள். பார்த்தால் ஈரத் துணி மூட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவதுபோல்தான் இருந்தது. ஆனால் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து தள்ளியதில், மாஸ்டர் கேட்ட நேரத்துக்குள் வந்துவிட்டாள். இடம் அவளுக்குத்தான் என்றார்கள். அவளுக்குத் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடலாம் என்றிருந்தது.

உடை மாற்றும் அறையில் பெஞ்சின்மேல் ஐஸ் பை பிரிக்கப்படாமலே உருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா, டி-ஷர்ட் பாதி கழன்று தலையை மூடியிருக்க, வலது கை உள்ளே மாட்டியபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ!

"யாரு?" துணிக்குள்ளிருந்து குரல்.

"நான்தான்."

"போ."

தங்கை போகவில்லை. மறுபடியும் அதே குரல், இந்தத் தடவை ரொம்பச் சின்னதாக: "கழட்டி விடேன்."

முதலில் இடது கை, பிறகு தலை, கடைசியில் வலது கையோரமாக மெள்ள உருவி எடுத்தாள். அக்காவின் முகம் தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னடி பாக்குற? தண்ணிதான்."

அன்று அக்கா குளத்தில் கால்கூட நனைத்திருக்கவில்லை.

"ஆமாக்கா, தண்ணிதான்" என்று தங்கை தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.