நாத்தனார் சீருக்கு ஒரு ரோபோ

தம்பி கல்யாணத்துக்கு நாத்தனார் சீரா என்ன வேணும்னு கேட்டாங்க. மணிமொழி ரோபோ வேணும்னா. அவ்ளோதான், வீடு ரெண்டாப் போச்சு.

நியாயத்தை நீங்களே சொல்லுங்க. தாலியில மாப்பிள்ளை முதல் முடிச்சு போட்டதும் மீதி ரெண்டு முடிச்சை அக்கா போடணும். அதுக்காக அக்கா வாயைத் திறந்து என்ன கேக்கறாளோ, அதைத் தட்டுல வெச்சு மணமேடையிலயே தம்பி குடுக்கணும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். பட்டுப்புடவை கேட்டிருக்காங்க, மோதிரம் கேட்டிருக்காங்க, மிக்சி கூட கேட்டிருக்காங்க. இவ கேட்டா மட்டும் குத்தமா?

செஞ்சி நெல்லு மண்டியில பில் போடறவ மணிமொழி. வயசு முப்பதைத் தாண்டிடுச்சு. புடவையிலேர்ந்து புருஷன் வரைக்கும் அவளுக்கு எல்லாம் அம்மா ராஜாம்பாள் பாத்து எடுத்துக் குடுத்ததுதான். புருஷன் நல்லவனா அமைஞ்சது அவ செஞ்ச புண்ணியம். புடவைங்க அப்படி அமையல. இது ஒண்ணையாவது நானே எடுக்கறேன்னு, மதியம் சாப்பாட்டு நேரத்துல எல்லாம் செல்லுல வீடியோ பாத்துப் பாத்துத் தேடினா.

வேலை செய்யற ரோபோ இல்ல, கட்டி வெக்கற பொம்மை ரோபோ. டப்பாவுல சட்டம் சட்டமா பிளாஸ்டிக் வரும். ஒவ்வொரு துண்டா வெட்டி எடுத்து, பிசிறு சீவி, சொருகிச் சொருகி நாமளே ரோபோவைக் கட்டணும். பசையே வேணாம். முதல் தடவை கட்டறவங்க கைக்குள்ள அடங்கற சின்னதா எடுங்கன்னு ஒரு வீடியோ சொல்லுது. பெருசு எடுத்தாலும் பரவால்ல, உருமாறறதை மட்டும் எடுக்காதீங்க, மூட்டு நிறைய, பொறுமை போயிடும்னு இன்னொண்ணு சொல்லுது. மணிமொழிக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. சும்மா நிக்கறதுக்குத்தான் வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்குதே! இறக்கையை விரிச்சு, காலை உள்ள இழுத்து, தலையைத் திருப்பினா விமானமா மாறற நீல ரோபோ ஒண்ணு இருந்துச்சு. இதுதான், இது ஒண்ணுதான்னு பிடிச்சுக்கிட்டா.

"பைத்தியமாடி ஒனக்கு? புள்ளைங்க வெளையாடறதைப் போயி கேக்கறியே!"ன்னா ராஜாம்பாள்.

"மொத தடவையே உருமாறறதா? ஒனக்கு வராதுக்கா"ன்னான் தம்பி இனியன்.

"வரலைன்னா நான் அழுதுக்கறேன், ஒனக்கு இன்னாடா? டப்பாவைப் பிரிக்காம குடு, அது போதும்."

சரி சரின்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான்.

கல்யாணம் திண்டிவனம் ரோட்டு மண்டபத்துல. பொண்ணு அனந்தபுரத்துக்காரி, பேரு பூங்குழலி. அவளுக்குப் பின்னாடி மணிமொழி போயி நின்னதும் சீர்த் தட்டு வந்துச்சு. வெத்தல, பாக்கு, வாழப்பழம், மல்லிப்பூ. நடுவுல ரோபோ. டப்பா இல்ல. முழுசாக் கட்டின ரோபோ, நெத்தியில சந்தனம் குங்குமத்தோட ஜம்முனு நிக்குது!

தட்டைத் தன் பக்கம் இழுத்தா மணிமொழி. "இன்னாடா இது?"

"நீ கஷ்டப்படக் கூடாதுன்னு ஃப்ரெண்ட்ஸோட ஒக்காந்து நானே கட்டிட்டேன்க்கா"ன்னு பல்லைக் காட்டினான் இனியன்.

சரி, கட்டினது கட்டிட்டான், கழட்டி மறுபடியும் கட்டிக்கலாம்னு மனசைத் தேத்திக்கிட்டு இறக்கையை மெல்ல விரிச்சுப் பாத்தா. அசையல. காலை இழுத்தா. அசையல. தலையைத் திருப்பினா. ஊஹூம்.

"பாத்தியா, எவ்ளோ கெட்டியா இருக்குது!" ராஜாம்பாளுக்குப் பெருமை தாங்கல. "சீர்த் தட்டுல யாராவது உதிரி உதிரியா வைப்பாங்களா? நாலு பேரு பாக்கற எடத்துல மூளியா இருக்கக் கூடாதுடி. தொட்டா கழண்டு கழண்டு வந்துச்சு. நான்தான் ஒரு மூட்டு விடாம பசை போட்டு ஒட்டச் சொன்னேன்."

அடப்பாவிங்களா! உருமாறற ரோபோவுக்கு மூட்டையெல்லாம் ஒட்டி வெச்சா அப்புறம் அதுல இன்னா இருக்குது? ஆசையாத்தான் செஞ்சாங்க, யாரு இல்லன்னா? இவங்க ஆசையா ஆசையாச் செஞ்சு, அதுக்குக் கோவப்படவும் முடியாம வாயை மூடிக்கிட்டு இருந்ததுலயே அவளுக்குப் பாதி வயசு போச்சு.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்!"னு ஐயர் கத்தினாரு. அட்சதை பறந்துச்சு. இனியன் முதல் முடிச்சைப் போட்டுட்டு கயித்தை அக்கா கையில விட்டான்.

மணிமொழி பிடிச்சா. பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

"முடிச்சைப் போடும்மா"ன்னாரு ஐயர்.

"போடறேன் சாமி. டேய் இனியா, செல்லை எடு."

"எ... எதுக்குக்கா?"

"அதே நீல ரோபோ. இங்கயே ஆர்டர் போடு. நேரா என் வீட்டுக்கு வரணும். ஒன் கையே அதுல படக் கூடாது."

மேளக்காரரு நிறுத்தறதா வேணாமான்னு தெரியாம அடிச்சுக்கிட்டே இருந்தாரு. ராஜாம்பாள் தலையில அடிச்சுக்கிட்டா. "மானம் போகுதுடி!"

"போவட்டும்மா. அதையும் பசை போட்டு ஒட்டிக்க."

இனியன் பொண்ணு பக்கம் குனிஞ்சான். "நீயாவது சொல்லேன்."

"சீக்கிரம் ஆர்டர் போடுங்க, எனக்குக் கழுத்து வலிக்குது"ன்னா பூங்குழலி, குனிஞ்ச தலை நிமிராம. அப்புறம் மெதுவா, "அண்ணி, நீங்க விடாதீங்க"ன்னா.

இனியன் செல்லைத் தடவித் தடவி ஒரு வழியா நீட்டினான். மணிமொழி எட்டிப் பாத்தா. கைக்குள்ள அடங்கற சின்ன ரோபோ!

"மொத தடவைக்கு இதான் ஈசின்னு போட்டிருக்குதுக்கா..."

தாலிக் கயித்தை இடது கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால செல்லைப் பிடுங்கினா மணிமொழி. நீல ரோபோவைத் தேடிப் பிடிச்சு, தன் கட்டைவிரலாலயே ஆர்டரை அமுக்கினா. அப்புறம்தான் முடிச்சு போட்டா.