மீன்காரியின் முகம்

மொப்தி ஆற்றுத்துறையில் இருக்கும் என் படக்கூடத்துக்குப் புகைப்படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களிடம் நான் ஒருநாளும் 'சிரிங்க' என்று சொன்னதில்லை. குடும்பப் பெயரைக் கேட்பேன். கிந்தோ, தெம்பெலி என்றால் தோகோன்காரர்கள், வெங்காயம் பயிரிடும் இனம். ஆற்றில் மீன்பிடிக்கும் போசோக்களாகிய எங்களுக்கும் அவர்களுக்கும் கேலி பேசும் முறை. எப்படி ஏசினாலும் கோபப்படக் கூடாது; அது வழிவழியாக வந்த கட்டு. "வெங்காயம் தின்னு தின்னு மூஞ்சியே வெங்காயமா உருண்டுபோச்சே!" என்பேன். இறுகிய தாடை இளகும். அந்த நொடியில் அழுத்துவேன். வேறு இனத்தார் வந்தால், அவர்களுக்கு முறையுள்ள ஒருவரைத் துறையிலிருந்து கூட்டிவந்து என் தோளுக்குப் பின்னால் நிறுத்துவேன். இருபது வருடமாக என் படங்களில் இருக்கும் முகங்கள் பேசுவது இப்படித்தான்.

ஆனால் வாசல் பலகையில் 'தியென்தா படக்கூடம்' என்று இருக்கிறது. தியென்தா என் கணவர், படகோட்டி. கேமராவின் முன்பக்கம் எது என்று கேட்டால் யோசிப்பார். பலகை எழுத வந்தவன் வீட்டு ஆண்பிள்ளையின் பெயரை எழுதிவிட்டுப் போனான். ஊரும் "தியென்தா எடுத்த படம்" என்றே சொல்லிப் பழகிவிட்டது.

தலைநகர் பமாகோவில் நடக்கும் புகைப்படக் கண்காட்சிக்கு என் பன்னிரண்டு படங்கள் தேர்வானதாக வந்த கடிதமும் 'திரு. தியென்தா'வுக்குத்தான் வந்தது. எடுத்தவர் தன்னைத் தானே எடுத்த படம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். வியாழன் காலைப் பேருந்தில் அனுப்பியாக வேண்டும்.

இரண்டு நாள் முயன்றேன். எல்லாவற்றிலும் அடையாள அட்டை முகம். இதை அனுப்பினால் கணவன் நிறுத்திவைத்து எடுத்த மனைவி என்றே நினைப்பார்கள். குறை எங்கே என்று புதன் காலையில்தான் புரிந்தது. என்னை ஏச ஆளில்லை. எதிரே வெங்காயம் விற்கும் யாபெரே கிந்தோவைக் கூப்பிட்டேன்.

ஆற்றைப் பார்த்த கதவை முழுக்கத் திறந்ததும் வெளிச்சம் ஒரு பக்கமாக வந்தது. மறுபக்கத்து இருட்டைக் குறைக்க வெள்ளைத் துணியைக் கொடியில் தொங்கவிட்டேன். நான் நிற்கப்போகும் இடத்தில் யாபெரே ஓர் உலக்கையை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் ஃபோகஸ் வைத்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்தேன். கேமராவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் குமிழை என் குதிகாலுக்கடியில் வைத்தேன். மிதித்தால் படம் விழும். சுருளில் மூன்றுதான் மிச்சம்.

நீல அங்கியில் கோட்டின்மேல் நின்ற என்னைப் பார்த்ததும், கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாபெரே வாயில் கைவைத்தாள். "எம்மாடி! ராணியாட்டம் இருக்கியேடி!"

என் முகம் விறைத்தது. பதறிப்போய் மிதித்துவிட்டேன்.

"பாராட்டவா உன்னைக் கூப்பிட்டேன்? ஏசுடி!"

"உன்னை ஏசச் சொல்லியா தரணும், மீன்காரி? நீ எத்தனை தடவை குளிச்சாலும் தெருப் பூனையெல்லாம் உன் பின்னாடிதானே வருது!"

சிரித்துவிட்டேன், பல்லெல்லாம் தெரிய. மிதித்தேன். நல்ல படமாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் அதில் இருப்பவள் சந்தைக்கு வந்து சிரிக்கும் ஒருத்தி. படம் எடுக்கிறவள் இல்லை.

"இன்னும்" என்றேன்.

யாபெரே இடுப்பில் கைவைத்தாள். "எதுக்குடி இந்த வேஷம்? எல்லாம் தியென்தா எடுத்த படந்தானே. நீ லென்ஸ் துடைக்கிறவ."

சொன்ன பிறகு அவள் கண் தாழ்ந்தது. கேலியில்கூட இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை. முறைக்காரியிடம் கோபம் கூடாது. சிரிக்கவும் வரவில்லை. கழுத்து தானாக நிமிர்ந்தது. அவளை விட்டு லென்ஸுக்குள் பார்த்தேன். மூச்சைப் பாதி விட்டு மிதித்தேன்.

மாலையில் இருட்டறையில், படம் கழுவும் தொட்டியில் அந்த மூன்றாவது படத்தின் கண்கள் முதலில் எழுந்தன, பிறகு தாடை. யாபெரே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இவ? இவகிட்ட அழுகல் வெங்காயத்தைத் தள்ளிவிட முடியாது போலிருக்கே!"

"என்கிட்ட இத்தனை நாள் தள்ளிவிட்டதை ஒத்துக்கிறியா?"

படத்தின் பின்னால் என் பெயரை எழுதினேன்: நியாமொய் கோந்தாவோ, மொப்தி. எடுத்தது நான்.

மறுநாள் பேருந்து ஓட்டுநர் உறையை வாங்கிக்கொண்டு, "தியென்தா அனுப்புறதா?" என்றார்.

படத்தை வெளியே எடுத்துக் காட்டினேன். அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீங்கதான் எடுக்கிறவங்களா?"

"ஆமா."

அவர் உறையைக் கூரைமேல் இருந்த மூட்டைகளோடு போடவில்லை. பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே, தன் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்திவைத்தார்.