பூஜையில் வைத்த மண்வெட்டி

“மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, அரிவாள்... எல்லாத்துக்கும் சந்தனம் வச்சாச்சு. அந்த ஓஸ் பைப்பு?”

“அது பிளாஸ்டிக்குடி.”

“இருக்கட்டுமே. அதுவும் உழைக்கறதோல்லியோ?”

பண்ணைக் கொட்டகையில் வரிசையாக வைத்திருந்த கருவிகளோடு ஓஸ் பைப்புக்கும் ஸ்ரீலக்ஷ்மி ஒரு பொட்டு வைத்தாள். மணிமொழி தலையில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி மயிலாப்பூர், இன்னொருத்தி ராயப்பேட்டை. அடையாற்றில் ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் ஒரே வகுப்பு. கல்லூரிக்குப் பின்னால் ஆற்றை ஒட்டிய பண்ணையில் இருவருக்கும் சேர்த்து ஒரு வெண்டைப் பாத்தி வாய்த்திருந்தது.

இந்தப் பூஜைக்கு ஒரு காரணம் உண்டு. முந்தின நாள் பேராசிரியர் ஜெயராம் வகுப்பில் சொன்னார்:

“விஜயதசமிக்கு மறுநாள் செய்முறைத் தேர்வு. எக்ஸாமினர் வெளியிலேருந்து வர்றார். பாதி மார்க் பயிருக்கு, பாதி வாய்க்கால் வெட்டறதுக்கு. நாளைக்கு லீவுதானே, எல்லாரும் பண்ணைக்கு வந்து மண்வெட்டி பிடிச்சுப் பழகுங்க.”

வகுப்பு பெருமூச்சு விட்டது. அதுவரை பண்ணையில் வெட்டுவது வேலையாள் பொன்னுரங்கம். வெட்டி முடித்ததும் கைப்பிடியில் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வது மாணவர்கள். அப்படித்தான் வழக்கம்.

ஸ்ரீலக்ஷ்மி எழுந்தாள். “சார், நாளைக்கு ஆயுத பூஜை. பூஜைல வச்ச ஆயுதத்தை மறுநாள் காத்தால புனர்பூஜை பண்ணாம தொடப்படாது சார். தோஷம்.”

ஜெயராம் பக்திமான். “அதுவும் சரிதான்” என்று உட்கார்ந்துவிட்டார். வகுப்பு மேஜையைத் தட்டியது. “லக்ஷ்மி, நீ தெய்வம்!” என்று கத்தியவன் பக்கத்துப் பாத்திக்காரன் சாய்சரண்.

அவளுக்குச் செடி பிடிக்கும். வெண்டைப் பூ மலர்ந்தால் போன் போட்டு மணிமொழியிடம் சொல்வாள். மண்வெட்டிதான் ஆகாது. போன வருஷம் இதே தேர்வில் தோற்றிருந்தாள். ஆடிட்டரான அப்பா சுந்தரராமன் முடிவாகச் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா, மண்ணை விட்டுட்டு மரியாதையா சி.ஏ. கிளாஸ்ல போய் உக்காரு.”

பூஜை நன்றாகவே நடந்தது. அம்மா ஜலஜா கொடுத்தனுப்பிய கொண்டைக்கடலைச் சுண்டலை, கல்லூரிக் கேன்டீன் வலியுல்லா பாயிடம் இரவல் வாங்கிய பெரிய கரண்டியால் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். தின்றுவிட்டு எல்லோரும் போனார்கள். இருவரும் பாத்திரம் கழுவும்போது மழை பிடித்தது. நின்று, நிதானமாக, ஊற்றோ ஊற்றென்று ஊற்றியது.

மழை விட்டதும் மணிமொழி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “ஏ லக்ஷ்மி! நம்ம பாத்தி கொளமா கீதுடி!”

வெண்டைச் செடிகள் தண்ணீரில் நின்றன. வேரில் தண்ணீர் கட்டினால் வெண்டை வாடிவிடும் என்று ஸ்ரீலக்ஷ்மி தேர்வில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறாள்.

“வரப்பை ஒடைச்சு உடணும். கொட்டாய்க் கதவு தொறந்துதான கீது? ஒரு மம்மட்டி எட்துக்கினு வந்துர்றேன்.”

“ஐயோ, கூடாது!”

“சாமி இன்னா எண்ணிக்கினா கீது?”

“நான்தானே தோஷம்னு சொன்னேன்? நானே எடுத்தா?”

“அப்ப பொன்னுரங்கத்தைக் கூப்டு.”

பொன்னுரங்கம் கண்ணகி நகரில் வீட்டில் இருந்தார். போனில் மேளச் சத்தம் கேட்டது. “இன்னா பாப்பா, நீதான சொன்ன, தொட்டா தோஷம்னு? நாளைக்குப் பூஜை முடிச்சிட்டு வர்றேன்.”

“நாளைக்குள்ள செடி செத்துடுமே!”

“அதுக்கு நான் இன்னா பண்றது? புள்ளகுட்டிக்காரன் நானு.”

ஸ்ரீலக்ஷ்மி வீட்டுக்குப் போன் போட்டாள். “அம்மா, பூஜைல வச்ச மண்வெட்டியை ஆபத்துக்கு எடுக்கலாமோ?”

“பைத்தியமாடி நீ? ஆத்துல புஸ்தகத்தைத் தொடப்படாதுன்னு பேப்பரைக்கூடப் பிரிக்காம உக்காந்துண்டிருக்கேன்.”

“அப்பாவைக் கேளேன்.”

“அப்பா லேப்டாப்பைப் பூஜைல வச்சுட்டு, போன்ல யாருக்கோ இன்கம்டாக்ஸ் சொல்லிண்டிருக்கார்.”

“அது மட்டும் தோஷமில்லையா?”

“போனைப் பூஜைல வைக்கலையே!”

ஸ்ரீலக்ஷ்மி போனை வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அரிவாள் முதல் ஓஸ் பைப்பு வரை சந்தனமும் குங்குமமுமாகக் கொட்டகைக்குள்ளே கொலுவிருந்தன. ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை, பாவி. வாசலில் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் பாயின் கரண்டி இருந்தது.

“மணி, இதுக்குப் பொட்டு வச்சேனா?”

“அது கரண்டிடி!”

“அதான் கேக்கறேன். வைக்கலையே?”

முட்டி போட்டு வரப்பைத் தோண்ட ஆரம்பித்தாள். முதலில் வெட்டிய திறப்பில் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே வந்தது.

“அடியே, அது சாய்சரண் பாத்தி! மேடு அது! அவன் தண்ணியும் நமக்கு வந்துக்கினு கீது, மூடு!”

மண்ணை அள்ளி அடைத்தாள். அடைக்க அடைக்கக் கரைந்தது. கடைசியில் அவளே அதன் குறுக்கே உட்கார்ந்தாள். மணிமொழி சுண்டல் தட்டால் மண்ணை வாரிப் பூசிய பிறகுதான் எழுந்தாள். பிறகு ஆற்றுப் பக்கம் போய்த் தோண்டினாள். ஈர மண்ணில் கரண்டி வளைந்தது, காலால் மிதித்து நிமிர்த்தினாள், மறுபடி வளைந்தது. இருட்டும் நேரத்தில் தண்ணீர் மெல்ல நகர்ந்து, சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது.

“ஏ, போவுது பார்ரா!” என்றாள் மணிமொழி.

ஸ்ரீலக்ஷ்மி கையை விரித்துப் பார்த்தாள். இரண்டு கையிலும் கொப்புளம். மண்வெட்டி பிடித்துப் பழகியிருந்தால் இதில் பாதிதான் வந்திருக்கும்.

தேர்வன்று எக்ஸாமினர் பண்ணையைச் சுற்றி வந்தார். எல்லாப் பாத்தியிலும் வெண்டை தலை தொங்கி நின்றது. ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது.

“ஏன் சார், மத்தவங்க ஒருத்தருமா தண்ணியை வடிக்கலை?”

“கருவியெல்லாம் பூஜையில இருந்தது சார்” என்றார் ஜெயராம்.

வகுப்பு முழுவதும் ஸ்ரீலக்ஷ்மியைத் திரும்பிப் பார்த்தது. தெய்வம் என்றவன் பல்லைக் கடித்தான்.

“நிமிர்ந்து நிக்கற பாத்தி யாருது? நீயாம்மா? வா, ஒரு வாய்க்கால் வெட்டிக் காட்டு.”

மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஓங்கிப் போட்டாள். ஜெயராம் துள்ளிக் குதித்ததால் அவர் கால் பிழைத்தது.

“சார்,” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, “என் கரண்டியை எடுத்துக்கலாமா?”

எக்ஸாமினர் ஜெயராமைப் பார்த்தார். ஜெயராம் வானத்தைப் பார்த்தார். மணிமொழி பையிலிருந்து கரண்டியை எடுத்து நீட்டினாள். ஸ்ரீலக்ஷ்மி குந்தி உட்கார்ந்து, எது மேடு எது பள்ளம் என்று ஒரு தரம் பார்த்துவிட்டுக் கோடு இழுத்தாற்போல் தோண்டிக்கொண்டே போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தயங்காமல் ஓடியது.

“கருவி பிடிக்கத் தெரியலை. அதுக்கு முட்டை” என்றார் எக்ஸாமினர். “வாய்க்கால் வெட்டத் தெரியறது. அதுக்குப் போட்டாகணும். பாஸ்தான் போ.”

வீட்டுக்குப் போன் போட்டாள். “அப்பா, பாஸ்!”

“மண்வெட்டி பிடிச்சியா?”

“இல்லைப்பா. கரண்டி.”

போன் கை மாறியது. பிறகு அம்மாவின் குரல் கேட்டது. “என்னடி, ஆத்துல ஒரு நாள் கரண்டியைத் தொட்டிருக்கியா நீ?”

கேன்டீன் வாசலில் வலியுல்லா பாய் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். “ஏம்மா, சுண்டலுக்குன்னு வாங்கினு போன கரண்டி எங்க? ரெண்டு நாளா டம்ளரால சாம்பார் மொண்டுக்கினு கீறேன்.”

கழுத்து திரும்பிய கரண்டியை ஸ்ரீலக்ஷ்மி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“பாய், அதைத் தொடாதீங்க” என்றாள் மணிமொழி. “அடுத்த வருசம் அதையும் பூஜைல வைக்கணும்.”

“வைக்கவே கூடாது!” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. “அது ஒண்ணாவது வெளில இருக்கட்டும்.”