ஒழுகாத வீட்டில் முதல் மழை

...ஆக, மழை வந்துவிட்டது, இப்போது நான் எழுந்து ஓட வேண்டும், குளியலறையில் இருக்கும் பெரிய வாளியை எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு, டிவிக்குப் பக்கத்தில், நாங்கள் மாமா என்று பெயர் வைத்திருந்த ஒழுகலுக்கு அடியில் அதை வைக்க வேண்டும், சொல்லாமல் வரும், வந்தால் லேசில் போகாது என்பதால் அந்தப் பெயர், அதன் பிறகு சின்ன வாளியோடு சமையலறைக்கு... கால்கள் அதற்குள் பாதிக் கூடம் தாண்டிவிட்டன, கையில் வாளிகூட வந்துவிட்டது, அப்புறம்தான் தலைக்கு எட்டியது, ஒழுகாது, இனிமேல் ஒழுகாது, மேலே இருப்பது ஓடு இல்லை, தகரம்... தகரம் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும், அது துருப்பிடிக்காத, வெளுக்காத, உத்தரவாதம் உள்ள மெட்டல் ஷீட், போன மாதம்தான் போட்டது, அதன் மேல் விழும் முதல் மழை இது. ரயில் போன பிறகு கொடியோடு பிளாட்பாரத்துக்கு ஓடி வந்த ஆள்போல நான் வாளியோடு நடுக்கூடத்தில் நிற்கிறேன். அம்மா சோபாவில் இருந்து வாயை அசைக்கிறாள், சத்தம் வரவில்லை, அதாவது அவள் சத்தமாகத்தான் பேசுகிறாள், மழை அதைவிடச் சத்தமாகப் பேசுகிறது, தலைக்கு மேலே ஒரு லாரி ஜல்லியை நிறுத்தாமல் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல, டிவியில் செய்தி வாசிப்பவர் மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், நாட்டில் என்ன நடக்கிறதென்று எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியாது, அப்பா மட்டும் நாற்காலியில் காலை நீட்டி, அண்ணாந்து, தானே தயாரித்த படத்தின் முதல் காட்சிக்கு வந்தவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

சத்தம் வரும் என்று ஷீட் போட வந்தவர் சொல்லத்தான் செய்தார், சார், அடியில ஒரு ஃபோம் குடுத்துடலாம் சார், இல்லன்னா மழை வந்தா புருஷன் பேசுறது பொண்டாட்டிக்குக் கேக்காது சார் என்றார், அம்மா உடனே, அப்ப வேணாம், அப்படியே விடுங்க என்றாள், ஆனால் முடிவெடுத்தது அப்பா, அவருடைய கேள்வியே வேறு, அந்த ஃபோம் கெட்டுப் போகுமா என்று கேட்டார், எலி கடிச்சா கிழியும் சார், ஈரம் பட்டா உப்பும், மத்தபடி ஒண்ணும் ஆகாது என்று அந்த மனிதர் வெகுளியாகச் சொல்லிவிட, முடிந்தது கதை. கெட்டுப் போகிற எதுவும் இனி இந்த வீட்டுக்குள் வராது, இதுதான் அப்பாவின் கொள்கை. சத்தம்? சத்தத்துக்கு மெயின்டெனன்ஸ் கிடையாதுல்ல என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக்காகவே தலை நரைத்தவர், அக்கா கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் போன் வந்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால், ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல நிக்குதா, உள்ள யாரு, டாக்டரா, அப்ப கொஞ்ச நேரம் நிக்கட்டும் என்று பேசியவர், அந்த மனிதர் ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றுவார், தூங்குவார் என்று நாங்கள் நினைத்தோம், அவரோ வாழ்நாள் பகையைத் தீர்த்துக்கொள்வதுபோல வீட்டில் இருந்த பராமரிப்பு என்ற ஒன்றை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். மர ஜன்னல் போய் அலுமினியம் வந்தது, மழையில் உப்பும் கதவு போய் உப்பாத கதவு, வாசல் செடிகள் இருந்த இடத்தில் சிமெண்ட் கல், அதில் ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் புல், அம்மா அதைப் பார்த்து, இதுக்கு தண்ணியாவது ஊத்தலாமா, இல்ல அதுவும் கூடாதா என்று கேட்டாள், அப்பா சீரியஸாகவே, தூசி படிஞ்சா துடைச்சுக்கலாம் என்றார்.

சரி, இதில் எனக்கு என்ன வந்தது... வந்தது, நிறைய வந்தது, ஏனென்றால் அந்தப் பராமரிப்பு என்பது நான்தான். கூரை ஏறுபவன் நான், திறமை எல்லாம் ஒன்றுமில்லை, வீட்டிலேயே எடை குறைந்தவன் என்ற ஒரே தகுதி, நான் மிதித்தால் ஓடு உடையாது, வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மேலே போய் உடைந்த ஓடுகளை மாற்றுவேன், அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து, இடது பக்கம்டா, உன் இடது இல்ல, என் இடது என்று கத்துவார், ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஓடுபவன் நான். ஒவ்வொன்றாகப் போனது, மோட்டாருக்கு ஒரு சென்சார் வந்தது, அது ஓடாமலே நிறுத்துகிறது, என்னைவிட ஒழுங்காக, அம்மா இரண்டு தடவை கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லாமல். வீடு என்னை வேலையில் இருந்து நீக்கிவிட்டது, காரணம் கேட்டு ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்கவில்லை.

காரணம்... காரணம் சொன்னதே நான்தானே. போன வருஷம், படிப்பு முடிந்ததும், ஒரு வேலை வந்தது, தூரம், ரயிலில் ஒரு ராத்திரியும் அடுத்த பகலில் பாதியும், நான் போகவில்லை, கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன், கூரை ஒழுகுதுடா, அப்பாவால ஏற முடியாது, முட்டி வலி, யாரு பாத்துக்குவா... சொல்லும்போது குரல் எவ்வளவு பொறுப்பாக இருந்தது, எனக்கே என்மேல் மரியாதை வந்தது, அக்காகூட போனில் அழுதாள், நான் புள்ளையா பொறந்திருந்தா நானே பாத்திருப்பேன்டா தம்பி என்றாள், அவள் பிள்ளையாகப் பிறந்திருந்தாலும் அவள் எடைக்கு ஓடு தாங்காது என்பதைச் சொல்லாமல் விட்டேன். அப்போது அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து ஏதோ ஒரு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை, கேட்டாரா கேட்கவில்லையா என்று அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது யோசித்தால்... முதலில் ஜன்னல், அப்புறம் மோட்டார், கடைசியில் கூரை, நான் ஒரு காரணம் சொல்வேன், அவர் ஒரு பொருள் வாங்குவார், நான் இன்னொரு காரணம் சொல்வேன், அவர் இன்னொரு பொருள் வாங்குவார், வாயைத் திறந்து ஒரு சண்டை கிடையாது, போடா என்று ஒரு வார்த்தை கிடையாது, ஓய்வு பெற்ற மனுஷன் தன் பாட்டுக்கு வீட்டைச் சரி செய்கிறார், அவ்வளவுதான், நானும் கூடவே நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்திருக்கிறேன், என்னை வெளியே அனுப்பும் வேலைக்கு நானே எடுபிடி.

இப்போது இன்னொரு வேலை. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், வரேன் அல்லது வரலை, ஏற்கெனவே ஒரு தடவை அவகாசம் கேட்டாயிற்று, கம்பெனியில் இருந்து பேசிய அம்மணியிடம் குடும்பச் சூழ்நிலை என்று இழுத்தேன், அவர் குரலைத் தாழ்த்தி, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார், கூரைக்கு என்று வாய் வரைக்கும் வந்தது. அது காற்றாலைகளைப் பராமரிக்கும் கம்பெனி, உயரத்தில் ஏற வேண்டிய வேலை, நேர்முகத் தேர்வில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டபோது வேறு எதுவும் தோன்றாமல் ஓடு மாற்றிய கதையைச் சொல்லித் தொலைத்தேன், அவர்கள் சிரித்தார்கள், எடுத்துவிட்டார்கள். போன் சட்டைப் பையில் இருக்கிறது, பதில் தயாராக எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பதில், வரேன் என்பதற்கு ஒன்று, வரவில்லை என்பதற்கு ஒன்று, இரண்டாவதுதான் நன்றாக வந்திருக்கிறது, அதில் உருக்கம் இருக்கிறது. அதை அனுப்ப ஒரே ஒரு சொட்டு போதும். ஒரு இடத்தில், ஒரு ஓரத்தில், ஒரு ஸ்க்ரூ சரியாக இறங்காமல் போயிருந்தால்... ஷீட் போடுவது என்ன, மனுஷன் வேலைதானே, தப்பு இல்லாமலா இருக்கும்... நான் வாளியோடு கிளம்பிவிட்டேன், சமையலறை, காய்ந்து கிடக்கிறது, அம்மாவின் அறை, பீரோவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை, பாவிகள், இவ்வளவு ஒழுங்காகவா வேலை செய்வார்கள்.

பின் அறைக்கு வந்தால் பின்னாலேயே வெளிச்சம் ஒன்று ஆடுகிறது, திரும்பிப் பார்த்தேன், அப்பா, கையில் டார்ச். அவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறார், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கையை வைத்துத் தடவுகிறார், விரலைத் தேய்த்துப் பார்க்கிறார், என்னைக் கண்டதும் வாயை அசைத்தார், கேட்கவில்லை, நானும் ஏதோ சொன்னேன், அவர் காதைக் காட்டித் தலையை ஆட்டினார். மழை ஒரு நொடி மூச்சு வாங்கிய இடைவெளியில் கூடத்தில் இருந்து அம்மாவின் குரல் முழுசாக வந்து விழுந்தது, ரெண்டு பேரும் உள்ள என்ன திருடனையா தேடுறீங்க... அப்புறம் மறுபடியும் ஜல்லி. அப்பா பக்கத்தில் வந்தார், இன்னும் பக்கத்தில், என் தோளில் கையை வைத்து, வாயை என் காதோடு ஒட்டி வைத்தார், மீசை குத்தியது, கடைசியாக இப்படி எப்போது... நான் சின்னப் பையனாக இருந்தபோது காதில் தண்ணீர் போய்விட்டதென்று ஊதிவிட்டாரே, அதற்கப்புறம் இருக்காது, எங்கள் வீட்டில் எல்லாமே ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று கத்துகிற பேச்சுதான்.

எங்கயாவது சொட்டுதா? இப்போது என் முறை, அவர் காதில் நான், இல்லப்பா. பதில் போட்டியா? நான் அவரைப் பார்த்தேன், அவர் காதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார், முகத்தை அல்ல, அவருக்கு எப்படித் தெரியும், அம்மா சொல்லியிருப்பாள், அம்மாவுக்கு அக்கா, அக்காவுக்கு நானே... இன்னும் இல்ல என்றேன். தோளில் இருந்த கை அப்படியே இருந்தது, மீசை மறுபடியும் என் காதுக்கு வந்தது. பயமா இருக்கா? என்ன கேள்வி இது, எனக்கா, பயமா, வழுக்கும் ஓட்டின் மேல் நின்றவன் நான், ஆனால் அங்கே கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றாரே... புது ஊரில், புது அறையில், எதையும் யாரும் என்னிடம் கேட்காத ஒரு சாயங்காலத்தில், நான் என்ன செய்வேன்... ஆமா, என்றேன் அவர் காதில், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது, பயத்தைப் போய் இவ்வளவு சத்தமாகச் சொன்ன ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் அதற்குச் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சரி, பயந்துக்கிட்டே போடு என்றார்.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, முதல் பதிலை, வரேன் என்பதை, எடுத்து அனுப்பிவிட்டேன், உருக்கமே இல்லாத அந்த ஒற்றை வரியை, அனுப்பியாச்சு என்று கையைக் காட்டினேன், அவர் தலையை ஆட்டினார், கையைத் தோளில் இருந்து எடுத்தார், அந்த இடம் சில்லென்று ஆனது. அவ்வளவுதான், இனி போய் உட்காருவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. டார்ச்சை மறுபடியும் மேலே அடித்து, ஏற்கெனவே தடவிப் பார்த்த அதே மூலையை இன்னொரு தடவை தடவினார், எக்கி நின்று, முட்டி வலியோடு, மெதுவாக, அப்புறம் என் பக்கம் சாய்ந்து காதில் கேட்டார், ஒண்ணுகூடவா இல்ல? நல்லாப் பாத்தியா? தன் கூரை ஒழுகவில்லை என்று தெரிந்துகொண்ட மனிதரின் குரல் இவ்வளவு ஏமாற்றமாகவா இருக்கும்... இந்தச் சத்தத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு தடவை பாத்துடலாம்ப்பா என்றேன். இருவரும் அடுத்த அறைக்குப் போனோம், அண்ணாந்துகொண்டே.