வனஜாக்காவின் கையெழுத்து

கையெழுத்துப் போடச் சொன்னதும் வனஜாக்கா முதலில் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். டேப்பின் பசை காகிதத்தில் பட்டுவிடக் கூடாதாம். "எங்க பாய் போடணும்?" என்று மட்டும் கேட்டார். இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தேன்.

கொரட்டூரில் ஒரு மாடி அறை, அதுதான் என் கடை. டிரிம்மர் வியாபாரம், எல்லாம் ஆன்லைனில். வனஜாக்கா திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலேறி வந்து ஆறு வருஷமாகப் பேக்கிங் செய்கிறார். போன மாதம் ஒருவர், தனக்கு வந்தது போலி என்று புகார் கொடுத்தார். விற்பனைத் தளத்துக்காரர்கள் என் கடையை முடக்கிவிட்டார்கள். போலிதான், மறுக்கவில்லை. அவருக்கு முன்னால் வாங்கிய எவனோ ஒரு புண்ணியவான் அசலை வைத்துக்கொண்டு, அதே டப்பாவில் டூப்ளிகேட்டைப் போட்டு ரிட்டர்ன் அனுப்பியிருக்கிறான். ரிட்டர்ன் வந்ததைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி விற்க வேண்டும். வனஜாக்கா பிரிக்கத்தான் போனார்.

"டப்பா நல்லாதானே கீது? புது லேபிள ஒட்டி அனுப்புக்கா. பண்டிகை நேரத்துல ஒவ்வொண்ணா பிரிச்சிகினு இருப்பியா?" என்று கத்தியவன் நான்.

மூன்று முறை பில்லோடு மேல்முறையீடு செய்தேன். மூன்றும் திரும்பி வந்தன. தவறு யாருடையது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். நாலாவது முறை எழுதினேன்: பேக்கிங் ஊழியர் வனஜா நான் சொன்னதை மீறிப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார், தவறை ஒப்புக்கொண்டார், வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். அதன் கீழேதான் அந்தக் கையெழுத்து. சீ, நானும் ஒரு மனுஷன்!

வீடியோவில் கடையைப் பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. "அக்கா, ஆபீசர் பேசப்போறாரு. ஒரு பத்து நிமிஷம் வெளிய இரேன்" என்றேன். டிபன் பாக்ஸ், பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவர், வாசலில் கிடந்த செருப்பையும் கையில் எடுத்தார்.

"வீடியோல அசிங்கமாத் தெரியும் பாய். கட நீட்டா இருக்கட்டும்."

கதவைச் சாத்தினேன். தாழ் போடவில்லை. அதிகாரி சின்னப் பையன், குரல்தான் கணீரென்று இருந்தது.

"அந்த வனஜா இப்ப வேலைல இல்லல்ல?"

"இல்ல சார். அனுப்பிட்டேன்."

"சரி, ஒரு பார்சல் பேக் பண்ணிக் காட்டுங்க."

டேப்பைக் கையில் எடுத்தேன். எனக்கு அதன் நுனி எப்போதும் அகப்படாது, நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பேன். ஆனால் நுனி மடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு முறையும் கீழே வைக்கும்போது அடுத்து எடுப்பவருக்காக வனஜாக்கா அதை மடித்துவிடுவார். இழுத்ததும் வந்தது.

"நல்லாப் பண்றீங்க சார். சாயங்காலத்துக்குள்ள கட ஓப்பன் ஆயிடும்" என்றான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டாவது படியில், வெயிலில், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"கட கெடச்சிட்ச்சா?"

"கெடச்சிட்ச்சிக்கா."

"நல்லதாப் போச்சி."

எழுந்தார். ஆறு வருஷமாக என்னைக் கேட்காமலே உள்ளே வந்து விளக்கைப் போட்டு வேலையை ஆரம்பிப்பவர், செருப்பைக் கீழே விடாமல் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா பாய்?"