சகலைகள் வார்த்த மேசை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுப் பிடித்தேன். அதையும் முழுதாகக் கேட்கவில்லை. குழாய்க்கு வாஷர் வாங்க ஹார்டுவேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடி சிரித்துச் சிரித்து, கடைசியில் சிமெண்ட் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"சகலைங்க ரெண்டு பேரு சார். வீட்டுல கான்கிரீட் போட்டிருக்காங்க..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. வாஷரையும் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார். மீதிக் கதை என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "சிமெண்டின் சாம்பல் நிறம் அவன் மனதிலும் படிந்து—"

வேண்டாம். சிமெண்ட் சாம்பல் நிறமாக இருப்பதற்கு யார் மனதும் பொறுப்பில்லை.

இரண்டாவது: அக்காவும் தங்கையும் சேர்ந்து கேக் செய்து விற்க முடிவு செய்தார்கள். தங்கை வீட்டுப் பின்னறையில் அதற்கு ஒரு நீள மேசை வேண்டும். தங்கையின் கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். மேசைப் பலகையை நானே கான்கிரீட்டில் வார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்தான். தூக்கி வைக்க இன்னோர் ஆள் வேண்டும். அக்காவின் கணவர் எலக்ட்ரீஷியன், நல்ல உடம்புக்காரர். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை.

இது பரவாயில்லை. இனி இவர்களைச் சின்னவன், பெரியவர் என்றே சொல்கிறேன்.

3

ஏன் பேச்சில்லை? பணத்தகராறு என்று எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: சின்னவன் வீட்டில் ஒரு அலமாரி மாட்டியிருந்தான். விருந்தாளிகள் எல்லாரும் இருக்கும்போது பெரியவர், "யாரும் அதுக்குக் கீழ உக்காராதீங்க, உயிருக்கு உத்தரவாதமில்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னிடம் பேசாதவனிடம் தான் மட்டும் ஏன் பேசவேண்டும் என்று பெரியவரும் முறுக்கிக்கொண்டார்.

இவ்வளவு சின்னக் காரணம் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் குடும்பத்தில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

சின்னவனுக்கு உள்ளுக்குள் ஏக்கம்தான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் சேர்ந்து எதையாவது பிரித்துப்போட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது ஞாயிறு வந்தால் அவனுக்குப் பொழுதே போவதில்லை. யார் முதலில் வாய் திறப்பது என்பதில்தான் எல்லாம் நின்றிருந்தது.

[இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரராக நானே நுழைந்து, கான்கிரீட் கலக்குவதற்கு டிரில்லிங் மெஷின் கொடுத்து உதவுவதாக எழுதியிருந்தேன். கதைக்குள்ளாவது நல்ல பேர் வாங்கலாமே என்றுதான். வெட்டிவிட்டேன். எலக்ட்ரீஷியனிடம் இல்லாத மெஷினா.]

4

ஞாயிறு காலை. மனைவி சொல்லுக்காகப் பெரியவர் வந்து நின்றார். வழக்கமாக "அந்த வாளியை எடுக்கச் சொல்லு" என்று மனைவிமார் வழியாகத்தான் பேச்சு நடக்கும். இன்று அவர்கள் இருவரும் வேண்டுமென்றே கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

கடைக்காரர் ஒரு குப்பி பிளாஸ்டிசைசர் கொடுத்திருந்தார். தண்ணீரைக் கூட்டினால் கலவை இளகும், ஆனால் பலம் போய்விடும். இந்தத் திரவம் தண்ணீரைக் கூட்டாமலே இளக்கிக் கொடுக்கும். அரை மூட்டை சிமெண்டுக்கு ஒரு மூடி என்று குப்பியிலேயே போட்டிருந்தது. சின்னவன் ஒரு மூடி அளந்து வாளித் தண்ணீரில் ஊற்றினான். பிறகு மணல் சலிக்க வாசலுக்குப் போனான். திரும்பி வரும்போது பெரியவர் வாளியருகே ஒன்றும் தெரியாதவர் மாதிரி நின்றிருந்தார்.

கலவை தயாரானது. மரச்சட்டம் அடித்துச் செய்த அச்சில் கொட்டியதும் தானாகவே ஓடி மூலையெல்லாம் நிரப்பியது. ஆகா என்று சின்னவன் பூரித்துப்போனான். பிறகு அது அச்சின் இடுக்கு வழியாகவும் ஓட ஆரம்பித்தது. ஆளுக்கொரு மூலையில் குந்தி, துணியை வைத்து அடைத்தார்கள். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

5

மறுநாள் மாலை சின்னவன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். விரல் உள்ளே போனது. கேக் மாவு இதைவிடக் கெட்டியாக இருக்கும். அலமாரிக் கதை மறுபடியும் ஆரம்பிக்கப்போகிறது.

பலகையைப் பார்க்க வந்திருந்த பெரியவர் குப்பியைக் கையில் எடுத்து, அதைப் பார்த்தே பேசினார். "இதுல எவ்வளவு ஊத்துனாங்கன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

"ஒரு மூடி," என்றான் சின்னவன் சுவரிடம்.

பெரியவர் குப்பியைக் கீழே வைத்தார். "நானும் ஒரு மூடி ஊத்தினேன்."

"நீங்களா? எப்போ?"

"நீ மணல் சலிக்கப் போனப்போ. மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"எப்படிக் கேக்குறது? நாமதான் பேசிக்கிறதில்லையே."

யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியவில்லை. இருவருமே "நான் இல்லை" என்கிறார்கள். பிறகுதான் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். சிரித்து முடித்த பின் அவர், "இறுகுறதுக்கு நேரமாகும், அவ்வளவுதான். ஈரச் சாக்கைப் போட்டு மூடிட்டுத் தொடாம விடுங்க," என்றார்.

6

அடுத்த ஞாயிறு அச்சைப் பிரிக்கிறார்கள். பலகை இறுகியிருக்கிறது. தூக்கினால் தாங்குமா என்று தெரியாது. உடையட்டும் என்று சின்னவன் உள்ளூர ஆசைப்பட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டால் சகலை வர என்ன காரணம் இருக்கும்?

"நல்லா வந்துச்சுன்னா எங்க மாடிக்கும் ஒரு பெஞ்சு ஊத்தணும்," என்றார் பெரியவர் திருகாணியைக் கழற்றியபடி. "நீதான் வரணும்."

"ஒடஞ்சுதுன்னா?"

"மறுபடி இங்கயே ஊத்த வேண்டியதுதான். எனக்கு வேற என்ன ஜோலி."

முடிவு (அ): பலகை நடுவில் விரிசல் விட்டு—

முடிவு (ஆ): கண்ணாடி மாதிரி வழுவழுவென்று—

இரண்டையும் எழுதிப் பார்த்து நிறுத்திவிட்டேன். எதை எழுதினாலும் அதற்கடுத்த ஞாயிறும் இந்த இரண்டு பேரும் ஒரே வாளிக்கு முன்னால்தான் உட்காரப்போகிறார்கள். பலகையின் ஒரு பக்கத்தைப் பெரியவர் பிடித்திருக்கிறார், மறுபக்கத்தைச் சின்னவன். ஆனால் தூக்கவில்லை. அடுத்த கலவையில் மூடியை யார் அளப்பது என்று வாக்குவாதம் முற்றிவிட்டது. ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கியிருக்கிறது, இப்போதைக்கு நிற்காது.

"முதல்ல இதத் தூக்குங்க, மாவு காத்துக்கிட்டிருக்கு," என்கிறாள் தங்கை. அவர்கள் காதில் விழவில்லை. நான் பிடிக்கலாமென்றால் முதுகுவலி. நீங்கள் கொஞ்சம் வந்து ஒரு கை பிடியுங்களேன்.